சுட்டியோடு ஒரு வரி: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இணையத்தில் கிடைக்கும் பாடப்பொருள்களைத் தொகுத்து வைப்பது, சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வது, ஆசிரியர் பயிற்சியில் அதைப் பயன்படுத்துவது ஆகியவை குறித்துக் கேரள எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயர் மட்டும் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் யு.பி. (உயர் தொடக்கப்) பள்ளியில் ஆறு ஆசிரியர்கள் இருக்கிறோம். நல்ல காணொலி, படம், பயிற்சித்தாள் எது கிடைத்தாலும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். அண்மையில் நடந்த கிளஸ்டர் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டம்) ‘சோசியல் புக்மார்க்கிங்’ பயன்படுத்தச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் இல்லாத எது அதில் இருக்கிறது, ஐயா?
— ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் உங்கள் குழுவில் யாரோ அனுப்பிய ஒரு காணொலியை இன்று தேடி எடுத்துப் பாருங்கள், டீச்சர்; வேறுபாடு உடனே புரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் வந்த நாளின் வரிசையிலேயே அடுக்கப்படுகின்றன. பிறந்தநாள் வாழ்த்து, மதிய உணவுக் கணக்கு, விடுப்புச் செய்தி, ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகச் சுற்றறிக்கை ஆகியவற்றுக்கு நடுவே அந்தச் சுட்டியும் (லிங்க்) கிடக்கும். ஆசிரியருக்கோ அது பாடத்தின் வரிசையில் தேவைப்படுகிறது.

உலாவியில் நட்சத்திரக் குறியை அழுத்திச் சேமிக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. அந்தச் சேமிப்பு உங்களுக்கு மட்டுமே பயன்படும். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குத் தெரியாது. சோசியல் புக்மார்க்கிங் என்பது, அந்தச் சேமிப்பை இணையத்தில் உள்ள ஒரு கணக்கில் வைத்து, ஒவ்வொரு சுட்டிக்கும் ஒரு தலைப்பும், தேடி எடுக்க உதவும் அடையாளச் சொற்களான சில குறிச்சொற்களும், ஒரு சிறு குறிப்பும் எழுதி, குழுவில் உள்ள மற்றவர்களும் பார்க்கவும் தம் பங்குக்குச் சேர்க்கவும் வழிசெய்யும் முறையாகும். யார் சேர்த்தார், எப்போது சேர்த்தார் என்பதும் அதில் பதிவாகிவிடும்.

குறிச்சொல்லின் பயன் பலருக்கு முதலில் விளங்குவதில்லை. நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு ஒரே இடம்தான் உண்டு. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்ம வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகங்களில் புத்தகம் எந்த எண்ணைப் பெறுகிறதோ அந்த அலமாரியில்தான் நிற்கும். பவானி ஆற்றைப் பற்றிய ஓர் இணையப் பக்கத்துக்கோ ‘ஆறுகள்’, ‘அட்டப்பாடி’, ‘வரைபடம்’, ‘சமூகஅறிவியல்’ என்று நான்கு சொற்களையும் ஒருசேரக் கொடுக்கலாம். நான்கு வழிகளில் தேடினாலும் அதே பக்கம் வந்து நிற்கும். பயன்படுத்துவோரே தம் சொற்களால் வகைப்படுத்தும் இந்த முறைக்கு தாமஸ் வாண்டர் வால் என்பவர் 2004இல் ‘ஃபோக்சானமி’ என்று பெயரிட்டார். மக்கள் வகைப்பாடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பை விட்டுவிட வேண்டியதில்லை. ‘இன்று இரண்டு புதிய பக்கங்கள் சேர்த்திருக்கிறேன்’ என்று அறிவிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சேர்த்து வைக்கும் இடம் மட்டும் வேறாக இருக்கட்டும்.

கேள்வி: தேவைப்படும்போது கூகுளில் தேடினால் கிடைத்துவிடுகிறது, இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும் பட்டியல் தருகிறது. பிறகு ஏன் சேர்த்து வைக்க வேண்டும்?
— உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், வண்டிப்பெரியாறு

பதில்: தேடுபொறி பக்கத்தைத் தரும். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உங்கள் வகுப்பில் நாற்பது நிமிடம் எப்படிப் போனது என்பதை அது தராது. சென்ற ஆண்டு அதே பாடத்தை நடத்திய உங்கள் சக ஆசிரியர் எழுதிய இரண்டு வரிகள் அதைத் தரும். இணையத்தில் உள்ள தமிழ்ப் பாடப்பொருள்களில் மிகப் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காகச் செய்யப்பட்டது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. (மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம்) வெளியிடும் தமிழ்வழிப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு, அவற்றில் எது பொருந்தும், எது எந்த இடத்தில் பொருந்தாது என்பதை உங்களைப் போன்ற இன்னோர் ஆசிரியரே சொல்ல முடியும். அந்தத் தெரிவு ஒருமுறை நடந்தபின் அதை எழுதி வைக்காமல் விடுவதால், ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு பள்ளியிலும் அதே தேடலை முதலிலிருந்து தொடங்குகிறோம்.

கேள்வி: நாங்கள் டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) படிக்கும் மாணவர்கள். குறிச்சொல்லைத் தமிழில் கொடுப்பதா, மலையாளத்திலா, ஆங்கிலத்திலா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை. ஒரே பாடத்துக்கு மூன்று விதமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடினால் பாதிதான் கிடைக்கிறது.
— பயிற்சி மாணவி, முதலமடை

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், தங்கையே. எல்லையோரத்தில் பாடம் நடத்துவோருக்கு மட்டுமே இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாகத் தெரியும். தாவரம் தன் உணவைத் தயாரிக்கும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளின் நாவில் அது ‘ஒளிச்சேர்க்கை’. மலையாளத்தில் நடக்கும் பயிற்சியில் நீங்கள் கேட்டுக் குறித்துக்கொண்டது ‘பிரகாச சம்ஸ்லேஷணம்’. காணொலியின் தலைப்பில் இருப்பது ‘போட்டோசிந்தசிஸ்’. மூவர் மூன்று சொற்களைக் கொடுத்தால், கருவியைப் பொறுத்தவரை அவை ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மூன்று பாடங்கள். பின்னம் நடத்துவோருக்கும் இதே நிலைதான்: நமக்குப் ‘பின்னம்’, பயிற்சியில் ‘பின்ன சங்க்ய’, இணையத்தில் ‘பிராக்‌ஷன்ஸ்’.

என் பரிந்துரை இது. பாடப்பொருளைக் குறிக்கும் சொல்லை, குழந்தையின் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல், முதல் குறிச்சொல்லாகக் கொடுங்கள். இது கட்டாயமாக இருக்கட்டும். மலையாளச் சொல்லைத் தமிழ் எழுத்திலும், ஆங்கிலச் சொல்லை அதன் எழுத்திலும் கூடுதலாகக் கொடுங்கள். யார் எந்தச் சொல்லை நினைவில் வைத்துத் தேடினாலும் வழி திறந்திருக்கும். வகுப்புக்கும் பாடத்துக்கும் உரிய சொற்களைக் குழுவினர் ஒருநாள் உட்கார்ந்து முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மற்ற சொற்கள் அவரவர் விருப்பம். மேலிருந்து ஒரு நூறு சொற்களை அச்சடித்துக் கொடுத்து ‘இவற்றைத் தவிர வேறு கூடாது’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மக்கள் வகைப்பாட்டின் உயிரே போய்விடும்.

தமிழ் எழுத்துமுறையால் வரும் இடர்கள் தனி. ‘நீர்ச்சுழற்சி’, ‘நீர்சுழற்சி’, ‘நீர் சுழற்சி’ மூன்றும் நமக்கு ஒன்று, கணினிக்கு மூன்று. மூன்றாவதில் உள்ள இடைவெளியால், சில கருவிகள் அதை ‘நீர்’ என்றும் ‘சுழற்சி’ என்றும் இரண்டு சொற்களாகப் பிரித்துவிடும். ஆகவே சந்தியோடு சேர்த்து எழுதுவதே நன்று. ஒருமை, பன்மையையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். ஒரு பயிற்சிக் குழுவில் ‘ஆறு’ என்று தேடியபோது பாரதப்புழையும் வந்தது, ஆறாம் வகுப்புக் கணக்கும் வந்தது. அன்றிலிருந்து நதிக்கு ‘ஆறுகள்’ என்றும் வகுப்புக்கு ‘வகுப்பு6’ என்றும் வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் பி.டி.எஃப். கோப்புகளும், தாளை அப்படியே படமெடுத்து ஏற்றியவையும் நிறைய உலவுகின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் தமிழைத் தேடுபொறி பல நேரம் சரியாகப் படிக்காது. அப்படிப்பட்ட ஒரு நல்ல கோப்பு கிடைத்தால், நீங்கள் கொடுக்கும் குறிச்சொல்லே அதைத் திரும்பக் கண்டுபிடிக்க உதவும்.

கேள்வி: நான் பயிற்சி அளிப்பவள். மாணவ ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஐம்பது சுட்டிகளைச் சேர்க்க வேண்டும் என்று ஒப்படைப்பு கொடுத்தேன். எல்லோரும் கொண்டுவந்தார்கள், ஆனால் அதனால் அவர்கள் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. எங்கே தவறு நேர்ந்தது?
— பயிற்றுநர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: எண்ணிக்கையைக் கேட்டதில்தான், டீச்சர். நானும் ஒருகாலத்தில் அப்படியே கேட்டேன். இருபத்தெட்டுப் பேர் அடங்கிய வகுப்பில் எல்லாப் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பாதிக்குமேல் ஒரே சுட்டிகள். குறிப்பு எழுதும் இடத்தில் ‘நல்ல வீடியோ’, ‘பயனுள்ளது’, ‘மாணவர்களுக்குப் பிடிக்கும்’ என்பவையே திரும்பத் திரும்ப வந்தன. அந்த மூன்று தொடர்களையும் எந்தப் பக்கத்துக்கும் எழுதலாம் என்பதே அவற்றின் குறை. திறந்து பாராமலும் எழுதலாம்.

அடுத்த ஆண்டு எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்தேன். இருவர் சேர்ந்து ஒரு பாடப்பகுதியை எடுத்துக்கொண்டு, அதற்கு மூன்றே சுட்டிகள் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும், எந்தப் பகுதியை மட்டும் காட்டுவீர்கள், குழந்தைகள் எங்கே தடுமாறுவார்கள், எந்தச் சொல்லை மாற்றிச் சொல்லவேண்டியிருக்கும் என்ற மூன்றுக்கும் விடை குறிப்பில் இருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தி முடித்த அன்றே, வகுப்பில் நடந்ததை அதன் கீழே சேர்க்க வேண்டும். மதிப்பெண் இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அந்த ஆண்டு வந்த ஒரு பதிவை இங்கே எடுத்துக் காட்டுகிறேன். பவானி ஆற்றின் பாதையைக் காட்டும் ஒரு வரைபடத்துக்கு ஒரு மாணவி எழுதியது:

“குறிச்சொற்கள்: ஆறுகள், கிழக்குநோக்கி, பவானி, அட்டப்பாடி, வகுப்பு7, சமூகஅறிவியல். குறிப்பு: தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்காகச் செய்யப்பட்டது. கேரளப் பகுதியை ஒரு சிறு கோடாகக் காட்டிவிட்டுப் பவானிசாகருக்குப் போய்விடுகிறது. முக்காலி அருகே ஆறு கிழக்கே திரும்பும் இடத்தைக் கரும்பலகையில் நானே வரைந்தேன். நடத்தியபின்: ‘நம் ஆறுகள் எல்லாம் மேற்கேதானே போகும்?’ என்று இரண்டு பிள்ளைகள் கேட்டார்கள். அடுத்த முறை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.”

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய 3 மட்டுமே கிழக்கே போகின்றன. இந்தச் செய்தி எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்பது அந்தப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது. மறுஆண்டு வந்த மாணவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டே அந்தப் பாடத்துக்குப் போனார்கள். பெயரில் உள்ள ‘சோசியல்’ என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்: பலர் பார்ப்பதால் அன்று, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்வதால் அது சமூகச் செயலாகிறது.

‘வேண்டாம்’ என்ற ஒரு குறிச்சொல்லையும் அறிமுகப்படுத்துங்கள். பார்த்து, ஆராய்ந்து, தள்ளிவிட்ட பக்கங்களையும் காரணத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். ‘படம் அழகாக இருக்கிறது, ஆனால் வேர் மண்ணைத் தின்கிறது என்று சொல்கிறது’ என்று ஒருவர் எழுதி வைத்தால், பத்துப் பேரின் நேரம் மிச்சமாகிறது. பயிற்றுநருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நல்லதைத் தேர்ந்தெடுக்கும்போது மாணவர்கள் பிறர் சொன்னதைப் பின்பற்றலாம். ஒன்றைத் தள்ளுவதற்குக் காரணம் எழுதும்போது பாடப்பொருளில் அவர்களுக்கு உள்ள தெளிவு வெளிப்பட்டே தீரும்.

இரண்டு மொழிகளையும் படிக்கத் தெரிந்த உங்கள் மாணவர்களுக்கு, தமிழ்நாட்டின் உட்பகுதியில் பயிற்சி பெறுவோருக்கு வாய்க்காத ஒரு பயிற்சியைக் கொடுக்கலாம். சித்தூர்ப்புழை நீரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப்பகிர்வு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) நீர் மணக்கடவில் அளக்கப்பட்டுச் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். இதைப் பற்றிப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழ்ச் செய்தி ஒன்றையும் பாலக்காட்டு மலையாளச் செய்தி ஒன்றையும் ஒரே குறிச்சொல்லின் கீழ்ச் சேர்க்கச் சொல்லி, எந்த எண்கள் இரண்டிலும் ஒத்திருக்கின்றன, எந்தச் சொற்கள் ஒன்றில் மட்டும் வருகின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள். டீகோ போன்ற புக்மார்க்கிங் கருவிகளில் பக்கத்தின் மேலேயே வரிகளுக்கு நிறம் தீட்டி, ஓரத்தில் ஒட்டுக்குறிப்பு எழுதும் வசதி உண்டு. ஒருவர் தீட்டியதை மற்றவர் பார்த்து மறுமொழி எழுதலாம். எருத்தேம்பதியிலும் வடகரைப்பதியிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த நீர் வீட்டுப் பேச்சு. அவர்களுக்குப் பாடம் சொல்லப்போகும் ஆசிரியர், செய்தியையும் கருத்தையும் பிரித்துப் பார்க்க இந்த நீரிலேயே பழகிக்கொள்ளட்டும்.

பயிற்சிப் பள்ளிகள் கோவிந்தாபுரத்திலிருந்து வேலந்தாவளம் வரை சிதறிக் கிடக்கும்போது எல்லா வகுப்புக்கும் நேரில் போக உங்களால் இயலாது. அவர்களுடைய பட்டியலை ஞாயிறு மாலை ஒருமுறை பார்த்தால், வாரம் முழுவதும் யார் என்ன நடத்தப்போகிறார் என்பதும் எங்கே கைகொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். குறிப்பின் கீழே நீங்களும் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். திருத்தம் எழுத வேண்டாம், கேள்வியே போதும்.

கேள்வி: இத்தகைய சேவைகள் பல திடீரென்று மூடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களின் உழைப்பை அவற்றை நம்பி ஒப்படைப்பது சரியா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூணாறு

பதில்: உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது, ஐயா. இந்தத் துறையின் வரலாறே மூடுவிழாக்களின் வரலாறாக இருக்கிறது. ஜோஷுவா ஷாக்டர் 2003இல் தொடங்கிய டெலிஷியஸ் என்ற புக்மார்க்கிங் சேவைதான் குறிச்சொல் முறையை உலகெங்கும் பரப்பியது. 2005இல் யாகூ அதை வாங்கியது. 2010 டிசம்பரில் அதை மூட எண்ணம் இருப்பதாகச் செய்தி கசிந்தது. 2011இல் யூடியூபைத் தொடங்கியவர்களில் இருவர் வாங்கினர். பிறகும் கைமாறி, 2017இல் பின்போர்டு என்ற போட்டிச் சேவை அதை வாங்கிப் புதிய சேமிப்புகளை நிறுத்திவிட்டது. ஆய்வாளர்கள் பயன்படுத்திய சைட்யூலைக் 2019இல் மூடப்பட்டது. கூகுள் புக்மார்க்ஸ் 2021இல் நின்றது. மோசில்லா நடத்திய பாக்கெட் 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. தமிழிலும் வலைப்பதிவுகள் செழித்த நாள்களில் பதிவுகளைத் திரட்டியும் வாக்களித்தும் பகிர உதவிய தளங்கள் இருந்தன; அவற்றை அன்றாடம் பார்த்தவர்களுக்கு அந்த இழப்பு தெரியும்.

நான் பயன்படுத்திய ஒரு சேவை நின்றபோது, ஏழு ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளை இழந்தேன். அறிவிப்பு மின்னஞ்சல் வந்திருந்தது. விடுமுறைக் காலத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. சுட்டிகள் போனதில் எனக்கு வருத்தமில்லை, அவற்றில் பலவற்றை மறுபடி தேடி எடுத்துவிட்டேன். மாணவர்கள் எழுதிய வகுப்பறைக் குறிப்புகள் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்று கற்ற பாடத்தின்படி இப்போது ஒவ்வொரு பருவ முடிவிலும், அதாவது ஓணம், கிறிஸ்துமஸ், ஆண்டுத் தேர்வுகள் முடிந்த மறுநாள், முழுச் சேமிப்பையும் ஏற்றுமதி செய்து பள்ளிக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வைக்கச் சொல்கிறேன். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை, நெட்ஸ்கேப் உலாவியின் காலத்தில் பிறந்த ஒரு எளிய எச்.டி.எம்.எல். கோப்பு வடிவத்தில் சேமிப்பைத் தரும். அந்தக் கோப்பை எந்த உலாவியிலும் திறந்து படிக்கலாம். வேறொரு கருவிக்கும் ஏற்றலாம். ஏற்றும்போது சில உலாவிகள் குறிச்சொற்களையும் குறிப்புகளையும் தவறவிடும் என்பதால் மூலக்கோப்பை அழித்துவிடக் கூடாது.

சேவை நிலைத்தாலும் சுட்டப்பட்ட பக்கம் மறைந்துபோகலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பின் வேபேக் மெஷின் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதில் முகவரியைக் கொடுத்து ‘இந்தப் பக்கத்தைச் சேமி’ என்று பணித்தால் அன்றைய நிலையில் ஒரு படி எடுத்து வைக்கும். அந்தப் படியின் முகவரியையும் குறிப்பில் எழுதி வைக்கலாம். காணொலிகளை இந்த முறையில் காப்பாற்ற முடியும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கிக் கொடுக்கலாமா?
— ஆசிரியர், நெல்லியாம்பதி

பதில்: வேண்டாம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய், எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று முழுதும் அறியாமல் கையெழுத்திடும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது.

வகுப்புக்கு ஒரே கணக்கு, ஆசிரியரின் பொறுப்பில், பொதுப் பார்வைக்குத் திறக்காமல் இருந்தால் போதும். பக்கத்தைப் புரொஜெக்டரில் காட்டி, குறிச்சொல்லைப் பிள்ளைகளே சொல்லட்டும். நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். நீர்ச்சுழற்சிக் காணொலிக்கு ஒரு சிறுமி ‘குளத்துத்தண்ணி எங்கபோச்சு’ என்று குறிச்சொல் சொன்னாள். அதை அப்படியே போட்டோம். பாடப்புத்தகச் சொல் பக்கத்திலேயே இருந்தது. தேர்வு நேரத்தில் அந்த வகுப்பில் பலர் அவளுடைய சொல்லைச் சொல்லித்தான் அந்தக் காணொலியைக் கேட்டார்கள்.

கேள்வி: எங்களுடையது இரண்டு ஆசிரியர்கள் உள்ள எல்.பி. (கீழ்த் தொடக்கப்) பள்ளி. மழைக்காலத்தில் இணையம் பல நாள் இருக்காது. எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது, நேரத்தை எங்கிருந்து கண்டுபிடிப்பது?
— ஆசிரியை, மறையூர்

பதில்: இன்று வழக்கில் உள்ளவற்றில் ரெயின்டிராப், டீகோ, வேக்லெட் ஆகியவற்றைக் கட்டணமில்லாமல் தொடங்கலாம். மேற்படிப்புக்குக் கட்டுரைகள் சேர்ப்போருக்கு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த ஜோட்டெரோ மிகவும் ஏற்றது. அது திறமூல மென்பொருள், குழு நூலகமும் உண்டு. ஆயினும் உங்கள் நிலையில் இவை எதுவும் கட்டாயமில்லை, டீச்சர். பகிரக்கூடிய ஓர் அட்டவணைக் கோப்பே உங்களுக்குப் போதுமானது. சுட்டி, பாடம், குறிச்சொற்கள், குறிப்பு, வகுப்பில் நடந்தது என ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். மறையூர், காந்தலூர், வட்டவடைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகள் ஒரே கோப்பைப் பகிர்ந்துகொண்டால், இரண்டு பேர் செய்யும் வேலை பத்துப் பேருக்குப் பயன்படும். உங்கள் ஊர்வழியே கிழக்கே போகும் பாம்பாற்றைப் பற்றி உங்களைவிட நன்றாக வேறு யாரால் குறிப்பு எழுத முடியும்?

இணையம் உள்ள நாளில், அடுத்த இரண்டு வாரப் பாடங்களுக்கு வேண்டிய பக்கங்களைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து, அவற்றுக்குக் குறிச்சொல்லையே கோப்பின் பெயராக வைத்துப் பள்ளி மடிக்கணினியில் போட்டுவிடுங்கள். கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட்டின் சமக்ரா தளத்திலும் மத்திய அரசு 2017இல் தொடங்கிய திக்‌ஷா தளத்திலும் உள்ள பொருள்களுக்கும் தனியாக உங்கள் குறிப்பை எழுதி வையுங்கள். அரசுத் தளத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால், அங்கே எது உங்கள் வகுப்புக்கு உதவியது என்பது மறந்துபோகும்.

நேரத்தைப் பொறுத்தவரை, தனியாக ஒரு மணிநேரம் ஒதுக்க முயன்ற யாரும் அதைத் தொடர்ந்து செய்து நான் பார்த்ததில்லை. பாடம் முடிந்து டீச்சிங் மேனுவலில் (பாடக்குறிப்பேடு) மதிப்பீட்டுக் குறிப்பு எழுதுகிறீர்கள் அல்லவா? அதே இரண்டு வரிகளை அட்டவணையின் ஐந்தாம் பத்தியிலும் எழுதிவிடுங்கள். இணையம் இல்லாத நாளில் நோட்டில் எழுதிப் பிறகு ஏற்றலாம். ஐந்தாம் பத்தி காலியாகவே நிற்கும் வரிகளை மார்ச் மாதத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நீக்கிவிடுங்கள். முதல் ஆண்டு இருபது வரிகள் மிஞ்சினால், ஜூன் மாதம் வரும் புதிய ஆசிரியரிடம் அந்த இருபதையும் அச்செடுத்துக் கையில் கொடுக்கலாம்.